வழுக்குமரத்துக் குரங்கு

...பிழையாகத்தான் சொல்லவேண்டும், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டாம், ஐந்தாம் வகுப்பு சீ பிரிவில் ஒரு பிள்ளைகூட இன்றைக்கு வாய் திறந்து சரியான விடையைச் சொல்லிவிடக் கூடாது, பிள்ளையாரப்பா, இந்த ஒரு காலைக்கு மட்டும் அதுகளின் புத்தியை வாங்கி உன் மடியில் வைத்திரு, நாளைக்குத் திருப்பிக் கொடு... என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே நமசிவாயம் பற்றிஸ் தட்டைக் கல்விப் பணிப்பாளர் பக்கம் நகர்த்தினார். ஒரு அதிபர் செய்கிற பிரார்த்தனையா இது? தலை நரைக்கும்வரை சோக்குக்கட்டி பிடித்த மனிதன், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற மனிதன், பிள்ளைகளுக்கு அறிவு வரவேண்டும் என்று நேர்ந்தால் அது நியாயம், இது என்ன நேர்த்தி, கேட்கிற சாமிக்கே சிரிப்பு வராதா... பணிப்பாளர் சிவானந்தன் ஒரு பற்றிஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், "மீனோ, இறைச்சியோ?" என்றார், "மீன் சேர், நல்ல மீன்" என்றார் நமசிவாயம், அவர் கடித்தார், அவசரமே இல்லாமல் அரைக்கிறார், கண்ணை மூடி அரைக்கிறார், இந்த வேகத்தில் போனால் இவர் சீ வகுப்பு வாசலுக்குப் போய்ச் சேரும்போது புலமைப்பரிசில் பரீட்சையே முடிந்திருக்கும்.

ஜனவரியிலிருந்து அந்த வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. இருந்த ரீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை பின்னக் கணக்கைக் கரும்பலகையில் பாதியில் விட்டுவிட்டுப் போனா, திங்கட்கிழமை பார்த்தால் கனடாவில் நிற்கிறா, அந்தப் பாதிப் பின்னம் இன்னும் அழிபடாமல் மூலையில் கிடக்கிறது, அழிக்கவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஓகஸ்டில் பரீட்சை. உப அதிபர் டோரின் மிஸ் நேரம் கிடைக்கும்போது போய் இருக்கிறா, ஆனால் அவவுக்குக் கணக்கு என்றால் தலையிடி, பாட்டுத்தான் வரும், ஆறு மாதமாக சீ வகுப்பு நன்றாகப் பாடுகிறது. யார் அந்த சீ வகுப்பு? முகத்துவாரத்து மீன்காரரின் பிள்ளைகள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், அதோடு இந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து லொட்ஜ்களில் வந்து கிடக்கிற குடும்பங்களின் பிள்ளைகளும், புள்ளி அட்டை எங்கே என்று கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்க்குங்கள், அம்மா நிலத்தைப் பார்ப்பா, அட்டை இல்லையா, சரி, சீ. அப்படித்தான் நடக்கிறது. கெட்டிக்காரருக்கு ஏ, நடுத்தரத்துக்கு பீ, மிச்சமெல்லாம் சீ, இதை நமசிவாயமா கண்டுபிடித்தார், எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ளதுதானே... உள்ளதுதானே?

ஆனால் கணித ஆசிரியர் ஒருவரைத் தரக்கூடிய ஒரே ஆள் இதோ கட்லட்டுக்குக் கை நீட்டுகிறார். கந்தோரில் போய்க் கேட்டால் "பாப்பம்" என்பார், போனில் கேட்டால் "பாப்பமே" என்பார், நேரில் வந்து பார்த்தால்தான் ஏதாவது நடக்கும், அப்படி நேரில் வந்த போன வருடம் என்ன நடந்தது? யாரும் வீட்டுக்கு வந்தால் உடைந்த கதிரையைக் குசினிக்குள் தள்ளிவிட்டு நல்லதை முன்னுக்குப் போடுவோமா இல்லையா, அதே வழக்கம் இந்தப் பள்ளிக்கூடத்திலும், நமசிவாயம் வருவதற்கு முந்தியே இருந்த வழக்கம், பெரியவர்கள் வரும் நாளில் ஏ வகுப்பின் கெட்டிக்காரர் கொஞ்சப் பேரைக் கொண்டுபோய் சீ வகுப்பின் முன் வாங்கில் இருத்திவிடுவார்கள், சீ வகுப்பின் திருதிரு முழிகள் கொஞ்சப் பேரை நூல்நிலையத்தில் தூசு தட்ட அனுப்பிவிடுவார்கள், ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, வாகனச் சத்தம் கேட்டால் பிள்ளைகளே எழும்பி இடம் மாறிவிடும். போன வருடம் பணிப்பாளர் பார்த்தார், மகிழ்ந்தார், கன்னத்தில் தட்டினார், "இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிப் போனார், குறையில்லாத இடத்துக்கு, இருந்த ரீச்சர் போனாலும், ஏன் ஆள் போடுவார்கள், நல்லா வேணும், நாங்களே குழி வெட்டி நாங்களே விழுந்தோம். அதனால்தான் இந்த முறை நமசிவாயம் மேசையில் தட்டிச் சொன்னார், ஒருவரையும் மாற்றக் கூடாது, உள்ளதை உள்ளபடி காட்டுவம், சீ வகுப்புத் திருதிருவென்று முழிக்கட்டும், அதைப் பார்த்து அந்த மனிதன் மனமிரங்கட்டும். மனைவி நேசமலர்தான் கேட்டா, "உங்களுக்கென்ன விசரே? ஊருலகத்தில தங்கட பிள்ளை கெட்டிக்காரன் எண்டு காட்டத்தான் நிப்பினம், நீங்கள் மொக்கெண்டு காட்டிப் பிச்சை கேக்கப் போறியளே?" கேட்டுவிட்டு, சரி போற காரியம் சரிவரட்டும் என்று கொட்டாஞ்சேனைப் பிள்ளையாருக்கு உடைக்க ஒரு தேங்காயும் எடுத்துப் பையில் வைத்தா, வாய்தான் அப்படி, மனம் பொன்.

அந்தத் தேங்காயால் வந்த வினை... காலையில் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள், வழமைதான், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதும் பல்லுத் தீட்டுவது மாதிரி ஆகிவிட்டது, ஆனால் இன்றைக்குப் பைக்குள் உருண்டையாக ஒன்று. மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய், தேங்காயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான், பின்னால் நின்ற சனமெல்லாம் ஓரடி பின்னுக்குப் போனது, "மே மொகத?" இது என்ன என்கிறான், "பொல் கெடியக், மாத்தயா" என்றார், தேங்காய் என்பது அவனுக்கும் தெரிகிறது, தெரிந்துகொண்டுதான் கேட்கிறான், எங்கே போகிறாய், இஸ்கோலயட்ட, பள்ளிக்கூடத்துக்கு ஏன் தேங்காய், பூஜாவட்ட, எதற்காகப் பூசை... அங்கேதான் நமசிவாயம் மாட்டுப்பட்டார். என் மாணவர்கள் விடை தெரியாமல் முழிக்கவேண்டும் என்பதற்காக என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது, தமிழிலேயே சொல்ல வாய் வருமா, சொன்னால் விசாரணைக்குக் கொண்டுபோக மாட்டார்களா, கடைசியில் "ளமய் பாஸ் வென்ன, மாத்தயா" என்று விழுந்தது வாயிலிருந்து, பிள்ளைகள் பாஸாக வேண்டும் என்று. அந்தப் பெடியன் முகம் மலர்ந்து போனான், ஊரில் அவனுக்கும் பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி இருக்கும்போல, "ஹொந்தய், ஹொந்தய்", நல்லது நல்லது என்று தேங்காயை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். கோயில் வாசலில் அதை ஓங்கி உடைக்கும்போது நமசிவாயம் தன் உண்மையான வேண்டுதலைத் தமிழில் தெளிவாக, நிறுத்தி, மறுபடி சொன்னார், சாவடியில் சொன்னதைக் கணக்கில் எடுக்கவேண்டாம் சுவாமி, அது ஆமிக்காரனுக்குச் சொன்னது என்றும் சொல்லி வைத்தார்.

"அப்ப எழும்புவமே?" என்றார் பணிப்பாளர், கைலேஞ்சியால் மீசையைத் துடைத்துக்கொண்டு. எழும்புவோம் எழும்புவோம், இவ்வளவு நேரம் அதற்குத்தானே தவம் கிடக்கிறேன்... வராந்தாவில் டோரின் மிஸ் சேர்ந்துகொண்டா, காதருகே வந்து "சேர், நீங்க சொன்ன மாதிரியே ஒருத்தரையும் மாத்தல்ல, எல்லாரும் அவங்கவங்க கிளாஸ்லதான் இருக்கிறாங்க, நானும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திட்டுத்தான் வந்தேன்" என்றா, அப்பாடா, பிள்ளையாரும் அந்தோனியாரும் ஒரு பக்கம், பிறகென்ன பயம், ஆனால் மெழுகுதிரியை என்ன சொல்லிக் கொளுத்தினா என்று கேட்டிருக்கலாமோ... சீச்சீ, வேறென்ன சொல்லியிருப்பா. முதலில் பெரிய கட்டடத்தின் கடைசி அறை, ஏ வகுப்பு, சிவபாதசுந்தரம் மாஸ்டரின் கோட்டை. கொழும்பிலேயே புலமைப்பரிசிலுக்குப் பேர்போன மனிதர், அவருடைய தொண்டையோ தனி ரகம், அவர் ஏழாம் வாய்பாடு சொன்னால் துறைமுகத்தில் கப்பல்காரர் திரும்பிப் பார்ப்பார்கள், கப்பல் ஊதினால் இவர் இன்னும் ஓங்கிச் சொல்வார், விட்டுக்கொடுக்க மாட்டார். தலைக்கு மேலே மின்விசிறி, அது பூபாலசிங்கம் முதலாளி போட்டுத் தந்தது, பெற்றோர் சங்கத் தலைவர், இரும்புக்கடைக்காரர், மகன் ஏ வகுப்பில், இறக்கையில் சிவப்பு எழுத்தில் அன்பளிப்பு என்று அவருடைய பெயர், சுற்றும்போது வாசிக்க முடியாது என்பதால் விழா நாளில் விசிறியை நிற்பாட்டிவிடச் சொல்வார்.

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார், வந்துவிட்டது, குரங்கு வந்துவிட்டது. இந்த மனிதரிடம் உள்ளது ஒரே ஒரு கணக்கு, எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் அதைத்தான் கேட்பார், அவர் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து புறப்படுமுன்னே அந்த அதிபர் அடுத்தவருக்குப் போன் எடுத்து "குரங்கு வருது" என்று சொல்லிவிடுவார், கேட்டவர் கேட்டவுடன் வகுப்புக்கு ஓடுவார், பாவம், கொழும்பு வடக்கில் இத்தனை பிள்ளைகளும் கெட்டிக்காரர் என்று பணிப்பாளர் உண்மையாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். "பத்தடி உயர வழுக்குமரம், ஒரு குரங்கு பகலில மூண்டடி ஏறும், இரவில ரெண்டடி வழுக்கி வரும், அப்ப எத்தினையாம் நாள் உச்சியைத் தொடும்?" இரவில் அந்தக் குரங்கு ஏன் மரத்தில் தொங்கிக்கொண்டு தூங்கவேண்டும், இறங்கி வந்து நிலத்தில் படுத்தாலென்ன என்று நமசிவாயம் ஒவ்வொரு முறையும் யோசிப்பதுண்டு, ஒருநாளைக்கு ஓரடி, ஆகவே பத்தாம் நாள் என்று எந்த மொக்கும் சொல்லும், அங்கேதான் பொறி. ஏ வகுப்பு ஒரே குரலில் கத்தியது, எட்டாம் நாள் சேர், மாஸ்டர் ஒரு கிழமையாகக் குரங்கை மரத்தில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பழக்கியிருந்தார், பிள்ளைகள் கனவிலும் எட்டாம் நாள் என்றுதான் புலம்புமாம். பணிப்பாளர் நெஞ்சில் கைவைத்துச் சிலிர்த்தார், சரி சரி, போதும் ஐயா, வாரும் அங்காலே.

அங்காலே என்றால் கொட்டகை. ஏ வகுப்பின் வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட தகரம், சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி, மழை வந்தால் டோரின் மிஸ்ஸின் பாட்டும் கேட்காது, வெயில் வந்தால் பிள்ளைகள் ரொட்டி மாதிரி வேகும். இன்றைக்கு நல்ல வெயில், நல்ல சகுனம், பணிப்பாளர் கழுத்துப்பட்டியைத் தளர்த்துகிறார், பார்க்கட்டும், வியர்க்கட்டும், அந்தப் பாதிப் பின்னத்தையும் பார்க்கட்டும், பிள்ளைகள் எழுந்து "குட் மோர்னிங் சேர்" என்று ராகத்தோடு பாடின. நமசிவாயம் முகங்களைப் பார்த்தார், திருதிரு முழிகள் எல்லாம் உரிய இடத்தில், ஒன்றும் குறையவில்லை, வாழ்க. பணிப்பாளர் குரங்கை மரத்தடியில் விட்டார், மூன்றடி ஏறும், இரண்டடி வழுக்கும், எத்தனையாம் நாள்... ஒரு பெடியன் காதைச் சொறிந்தான், ஒருத்தி தகரத்தில் ஓடிய பல்லியைப் பார்த்தாள். அருமை, என் கண்மணிகளே, அப்படியே இருங்கோ, அசையாதேங்கோ, ஆசிரியர் வந்துகொண்டிருக்கிறார், அதோ பணிப்பாளரின் முகம் இரங்குகிறது, உச்சுக் கொட்டப் போகிறார், இன்னும் ஒரு கணம், ஒரே ஒரு கணம்... பின் வாங்கில் ஒரு கை எழும்பியது.

ஐறீன். முகத்துவாரத்துப் பிள்ளை, தகப்பன் வள்ளத்தில் போகிறவர், சட்டைக்கு எப்போதும் ஒரு பொத்தான் குறைவு. இறக்கு பிள்ளை, கையை இறக்கு, சிறுநீர் கழிக்கத்தான் கேட்கப் போகிறாளோ, அப்படியே இருக்கட்டும், பத்தாம் நாள் என்று சொன்னாலும் பாதகமில்லை, பத்து என்று சொல்லு மகளே... "எட்டாம் நாள் சேர்." பணிப்பாளர் விடவில்லை, "எப்பிடி?" என்றார், ஆம், எப்படி, அதுதானே கேள்வி, வெறும் விடையைக் கேட்டுப் பாடமாக்கியிருந்தால் இப்போது பிடிபட்டுவிடுவாள், பிடிபடட்டும், ஐறீன் எழுந்து நின்று பொத்தான் இல்லாத இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள், "ஏழு நாள் முடிய குரங்கு ஏழடியில நிக்கும் சேர், அடுத்த நாள் மூணடி ஏறினா உச்சி வந்துரும், உச்சிக்குப் போனப் பொறகு அது ஏன் சேர் வழுக்குது, நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கும் தானே?" கொட்டகையில் ஒரு கை தட்டுகிற சத்தம் கேட்டது, யாரடா அந்த மடையன் என்று திரும்பிப் பார்த்தால் தட்டுவது தன்னுடைய கைகளேதான், நிறுத்தப் பார்க்கிறார், நிற்கவில்லை, கண்ணும் நனைந்துவிட்டது, என்ன வடிவாகச் சொன்னாள், இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம், அடி என் ராசாத்தி, கெடுத்தாயே காரியத்தை.

பக்கத்தில் டோரின் மிஸ் சிலுவை போட்டுக்கொண்டு சிரிக்கிறா, இப்போது விளங்குகிறது மெழுகுதிரி எதற்கு என்று, பிள்ளைகள் நல்லாச் சொல்லவேணும் என்று அல்லாமல் அந்த மனுசி வேறென்னத்துக்குக் கொளுத்துவா. பிள்ளையாரும்தான், தமிழில் சொன்னதை விட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னதையல்லவா கணக்கில் எடுத்திருக்கிறார். பணிப்பாளர் நமசிவாயத்தின் தோளில் தட்டினார், "என்ன நமசிவாயம், சீ வகுப்பே இப்பிடியெண்டால் உமக்கு இன்னொராள் எதுக்கு? கையில இருந்த ஒரு ஆளையும் வேற பள்ளிக்கூடத்துக்குப் போடுறன், அங்கதான் பிள்ளையள் சரியான கஷ்டம்." "இல்லை சேர், இதுகள் உண்மையில..." என்று தொடங்கினார் நமசிவாயம், உண்மையில் என்ன, இதுகளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஐறீன் நிற்கும்போதே சொல்வதா, அவள் இன்னும் உட்காரக்கூட இல்லை, சொல், சொல்லடா... "உண்மையில கெட்டிக்காரப் பிள்ளையள் சேர்" என்று முடித்தார், பணிப்பாளர் "அதுதானே" என்று சொல்லிக்கொண்டு டோரின் மிஸ்ஸோடு வாகனத்தடிக்கு நடந்தார், மிச்சப் பற்றிஸைப் பார்சல் கட்டிக் கொடுக்கவேண்டும், அதை நினைவூட்டவும் மனமில்லை, போகட்டும்.

நமசிவாயம் அங்கேயே நின்றார். கொட்டகைக்குள் வெயில் அப்படியே இறங்குகிறது. "எங்க பிள்ளை படிச்சனீ இதை?" என்று கேட்டார், கோபமாகக் கேட்க நினைத்தது, குழைந்து வந்தது. ஐறீன் சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியைத் தாடையால் காட்டினாள், "அங்கால மாஸ்டர் சொல்றது இங்க நல்லாக் கேக்கும் சேர், போர்டுல எழுதுறதுதான் தெரியாது, அதை நாங்க நினைச்சுக்குவோம்." பிறகு பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடிக்க, தயங்கி, அதையும் கேட்டாள், "சேர், சரியாச் சொல்லிட்டேன் தானே? இனி எங்களுக்கு ரீச்சர் தருவாங்க தானே?" தருவார்களா... இந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது சரியாகச் சொன்னால் ரீச்சர் கிடைக்கும் என்று? ஒருவரும் சொல்லத் தேவையில்லை, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள், சரியாகச் சொல்லுகிறவர்களுக்கு மாஸ்டர், சரியாகச் சொல்லுகிறவர்களுக்கு விசிறி, சொல்லாதவர்களுக்குத் தகரம், அப்போ தானும் ஒருநாள் சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள், ஆறு மாதமாகச் சுவரில் காதை வைத்துப் போட்ட கணக்கு, அந்தப் படிப்பினையை இந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது பணிப்பாளரா, கனடாவுக்குப் போனவளா... "ஓம் மகள், தருவினம்" என்று சொல்லிவிட்டார் நமசிவாயம், சொன்ன பிறகுதான் யார் தருவினம் என்று யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து அங்காலே மாஸ்டரின் தொண்டை திறந்தது, பின்னம், கீழெண், மேலெண், துறைமுகம் வரைக்கும், கொட்டகையில் இருந்த அத்தனை தலையும், யாரும் சொல்லாமல், ஒரே பக்கமாகச் சுவரை நோக்கிச் சாய்ந்தன, ஐறீனின் தலையும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒருவரோடும் பேசாத ஒரு பெடியனின் தலையும். நமசிவாயத்தின் தலையும் சாய்ந்துவிட்டது. ஆக ஆள் இல்லாமல் இல்லை, ஆள் இருக்கிறார், நடுவில் ஒரு சுவர்தான், காலையில் மாஸ்டர் அங்கே, பத்து மணிக்குப் பிறகு இங்கே, இல்லாவிட்டால் இரண்டு வகுப்பையும் பெரிய மண்டபத்தில் கலந்து இருத்தினால்... இதற்கு ஒரு பணிப்பாளரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை, அதிபர் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே நடக்கும். அப்போ ஜனவரியிலிருந்து ஏன் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை? ஐயோ... கண்ணுக்குள் அந்த விசிறி சுற்றுகிறது, சிவப்பு எழுத்து சுற்றுகிறது, பூபாலசிங்கம் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "என்ரை மகனைக் கொண்டுபோய் ஆரோட இருத்துறீர் அதிபர்?" என்று கந்தோர் வாசலில் நிற்கிறார், அந்த ஒரு குரலுக்குப் பயந்துதானா இந்தத் தேங்காய், இந்தக் குரங்கு, இந்தப் பிள்ளைகளை மொக்குகளாக ஆக்கச் சொல்லி ஒரு நேர்த்தி, அவ்வளவும்? பிள்ளையாரிடம் அதைக் கேட்கவேண்டும் என்று ஏன் தோன்றவில்லை, முதலாளியிடம் பேச எனக்கொரு வாய் கொடு என்று... ஐறீன் இன்னும் உட்காரவில்லை. "எப்ப சேர்?" என்றாள்.